வீடு என்பது எதுவரை? பதிவுப் பெட்டியின் கதை

கூடத்தில் தொலைக்காட்சிக்குக் கீழே இருக்கும் செட்-டாப் பாக்ஸ் நேற்றிரவு பதிவு செய்து வைத்த ஒரு நிகழ்ச்சியை, இன்று காலை அடுக்களை மேடையில் சாய்த்து வைத்த டேப்லெட்டில் பார்க்க முடிகிறது. இடையில் கம்பி இல்லை, கேசட் இல்லை. பெட்டிக்கும் டேப்லெட்டுக்கும் இடையே இருபது அடி தூரம் இருக்கலாம். அந்த இருபது அடியைக் கடக்கப் பதிவு செய்யப்பட்ட படத்துக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பிடித்தன. தடையில் பாதி தொழில்நுட்பத்தால் வந்தது. மீதிப் பாதி அமெரிக்க நீதிமன்றங்களில் கிடந்தது. அங்கே வழக்குக்கு வழக்கு வெவ்வேறு சொற்களில் எழுந்த கேள்விகள் இவை: வீடு என்பது எதுவரை? அதற்குள் வந்து சேர்ந்த ஒன்றை வீட்டார் எப்போது, எந்த அறையில், யாரோடு பார்க்கலாம் என்று சொல்லும் உரிமை யாருக்கு? பிறர் வீட்டு வாசலில் நின்று ஸலாம் சொல்லி, அனுமதி கிடைத்த பின்னரே உள்ளே நுழையப் பழகிய நமக்கு இவை அந்நியமான கேள்விகள் அல்ல. ஆகவே இந்த வரலாற்றைச் சற்று நிதானமாகவே பார்ப்போம்.

தொலைக்காட்சி பரவிய முதல் முப்பது ஆண்டுகளில் நேரத்தின் கடிவாளம் நிலையத்தின் கையில் இருந்தது. எட்டு மணி நிகழ்ச்சி என்றால் எட்டு மணிக்கு உட்கார வேண்டும், தவறினால் தவறியதுதான். இதில் அமெரிக்காவில் வாழும் முஸ்லிம் குடும்பங்களுக்கு ஒரு தனிச் சங்கடம் இருந்தது. நிலையத்தின் கடிகாரம் ஆண்டு முழுதும் ஒரே இடத்தில் நிற்பது; நம் தொழுகை வக்துகளோ சூரியனோடு நகர்பவை. நியூயார்க் நகரில் டிசம்பரில் மாலை நாலரை மணியளவில் வரும் மஃரிப், ஜூன் மாதத்தில் இரவு எட்டரை மணியைத் தொட்டுவிடும். அந்நாட்டில் முதன்மை நிகழ்ச்சிகள் தொடங்குவது எட்டு மணிக்கு. கோடையில் மஃரிபும் இஷாவும் அந்த நேரத்துக்குள்ளேயே வந்து விழும். நிகழ்ச்சி யாருக்காகவும் காத்திராது, வக்தும் காத்திராது. இரண்டில் ஒன்றைப் பிடித்து நிறுத்தும் வசதி வீட்டாருக்குப் பரவலாகக் கிடைக்கத் தொடங்கியது 1975இல்.

அவ்வாண்டு ஜப்பானின் சோனி நிறுவனம் பீட்டாமேக்ஸ் என்ற வீடியோ ரெக்கார்டரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் முதலில் விற்கப்பட்ட மாதிரி, தொலைக்காட்சியோடு சேர்த்து ஒரே மரப்பேழையில் அடக்கப்பட்டது. விலை 2,295 டாலர். கேசட் ஒரு மணி நேரம் மட்டுமே ஓடும். மறு ஆண்டே ஜேவிசி நிறுவனம் இரண்டு மணி நேரம் பதியக்கூடிய விஎச்எஸ் கேசட்டோடு வந்து, காலப்போக்கில் சந்தையைக் கைப்பற்றியது. அந்தப் போட்டியின் கதை பலரும் எழுதியதுதான். நமக்கு வேண்டியது, சோனியின் தலைவர் அகியோ மொரிட்டா இந்தக் கருவியை விளக்கிய விதம். நேரத்தை நகர்த்தி வைக்கும் கருவி என்றே அவர் அதைச் சொல்லி வந்தார். நிலையத்தின் நேரத்திலிருந்து வீட்டாரின் நேரத்துக்கு ஒரு நிகழ்ச்சியைத் தூக்கி வைப்பதே அதன் வேலை.

1976இல் யுனிவர்சல் ஸ்டூடியோவும் வால்ட் டிஸ்னி நிறுவனமும் சோனியின் மீது வழக்குத் தொடுத்தன. வீட்டில் உட்கார்ந்து தம் படைப்புகளை நகலெடுப்பது திருட்டு, அதற்குக் கருவி செய்து கொடுப்பவர் உடந்தை என்பது அவர்களது வாதம். 1979இல் கீழ் நீதிமன்றத்தில் சோனி வென்றது. 1981இல் மேல்முறையீட்டில் தோற்றது. திரைப்படத் தொழில் சங்கத்தின் தலைவர் ஜாக் வாலென்டி, 1982இல் நாடாளுமன்றக் குழுவின் முன் இந்தக் கருவியை, தனித்திருந்த பெண்களைக் கொன்று பாஸ்டன் நகரை நடுங்கவைத்த கொலைகாரனோடு ஒப்பிட்டார். இறுதியில் 1984 ஜனவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சோனியின் பக்கம் தீர்ப்பளித்தது. பின்னாளில் பார்ப்பதற்காக ஒரு நிகழ்ச்சியை வீட்டில் பதிந்து வைப்பது நியாயமான பயன்பாடே என்று நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ் எழுதினார். நீதிபதிகளின் உள்குறிப்புகள் பிற்காலத்தில் வெளியானபோது மற்றொன்றும் தெரிய வந்தது: முதல் கலந்தாய்வில் பெரும்பான்மை ஸ்டூடியோக்களின் பக்கமே சாய்ந்திருந்தது. வழக்கை மறுபடியும் விசாரித்த பிறகே தராசு திரும்பியது.

அந்த வழக்கில் சாட்சி சொன்னவர்களுள் ஒருவரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பிரெட் ரோஜர்ஸ் அமெரிக்கச் சிறுவர்களுக்கான புகழ்பெற்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றைப் பல்லாண்டுகள் நடத்தியவர். கிறிஸ்தவ மதகுருவும் ஆவார். தன் நிகழ்ச்சியைக் குடும்பங்கள் பதிந்து வைத்துக்கொள்வதில் தனக்குத் தடையேதும் இல்லை என்றார் அவர். பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து பார்க்கக்கூடிய நேரத்தை நிலையம் தீர்மானிப்பதைவிடக் குடும்பமே தீர்மானிப்பது நல்லது என்பது அவரது கருத்தின் சாரம். உச்ச நீதிமன்றம் அந்தச் சாட்சியத்தைத் தன் தீர்ப்பின் அடிக்குறிப்பில் எடுத்தாண்டது. வணிகக் கணக்குகள் மலைபோல் குவிந்த ஒரு வழக்கில், குடும்பம் என்ற சொல்லை முன்வைத்துப் பேசிய அந்த மனிதர் நம் மதிப்புக்குரியவராகவே தோன்றுகிறார்.

அதே காலத்தில் நம் கடலோர ஊர்களின் கதை வேறு விதமாக இருந்தது. வளைகுடாவிலிருந்து திரும்பிய வாப்பாமார்களும் காக்காமார்களும் அட்டைப்பெட்டியில் கட்டிக் கொண்டுவந்த பொருள்களில் வீடியோ டெக்கும் ஒன்று. அதில் பதிவு செய்ய முடியும் என்பதே பல வீடுகளுக்குத் தெரியாது. பதிவதற்குரிய ஒளிபரப்பும் அப்போது அதிகம் இல்லை. வாடகைக்கு எடுத்த கேசட்டைப் போட்டுத் தெருவே கூடிப் பார்ப்பதுதான் நடந்தது. ஒரு வீட்டுக்கு வந்த படம் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் உரியது என்று அன்று யாரும் நினைக்கவில்லை. அமெரிக்க ஸ்டூடியோக்கள் எதைக் கண்டு அஞ்சினவோ அது இங்கே சர்வசாதாரணமாக நடந்துகொண்டிருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

ஸ்டூடியோக்களின் அச்சத்தை வெறும் பேராசை என்று தள்ளிவிடுவது நேர்மையாகாது. ஒருவர் உழைத்து உண்டாக்கியதில் அவருக்கு ஹக்கு உண்டு. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நூலுரிமை, கண்டுபிடிப்புரிமை போன்றவை ஷரீஅத்தில் மதிக்கப்படும் உரிமைகள், அவற்றின் மீது அத்துமீறுவது ஆகாது என்று தீர்மானம் நிறைவேற்றியது. சிக்கல் அந்த உரிமை எங்கே முடிகிறது என்பதில்தான். கேசட் காலத்தில் இந்த எல்லை தானாகவே கட்டுப்பட்டிருந்தது. அடுத்த அறைக்குப் படம் போக வேண்டுமானால் கேசட்டை யாராவது கையில் எடுத்துச் செல்ல வேண்டும். நகலின் நகல் மங்கிப்போகும். 1999இல் இந்த இரண்டு தடைகளும் ஒருசேர விழுந்தன.

அவ்வாண்டு ஜனவரியில் லாஸ் வேகாஸ் மின்னணுக் கண்காட்சியில் டிவோ, ரீப்ளே டிவி என்ற இரண்டு கருவிகள் அறிமுகமாயின. இரண்டும் கேசட்டைக் கைவிட்டு ஹார்டு டிஸ்கில் பதிந்தன. நேரடி ஒளிபரப்பையே நடுவில் நிறுத்தி வைத்து, எழுந்து போய்த் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து பார்க்கலாம். மஃரிபுக்கு எழுந்து செல்லும் வீட்டாருக்கு இது என்னவாக இருந்திருக்கும் என்று நாம் விளக்க வேண்டியதில்லை. டிவோவை உருவாக்கிய ஜிம் பார்ட்டனும் மைக் ராம்சேயும் தொடக்கத்தில் செய்ய நினைத்தது பதிவுப் பெட்டியே அல்ல. வீடு முழுமைக்கும் படமும் இசையும் வழங்கும் ஒரு வலைப்பின்னலை அமைப்பதுதான் அவர்களது முதல் எண்ணம். அதற்கு வீடுகள் இன்னும் தயாராகவில்லை என்று கண்டு, அதன் ஒரு பகுதியை மட்டும் எடுத்துப் பெட்டியாக்கினார்கள். பதினான்கு மணி நேரம் பதியும் பெட்டி, முப்பது மணி நேரம் பதியும் பெட்டி என்று இரண்டு வகைகளோடு தொடங்கியது வணிகம்.

அந்தக் கைவிடப்பட்ட எண்ணத்தை முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது போட்டியாளரான ரீப்ளே டிவி. அதை நிறுவியவர் ஆன்தனி உட். பிற்காலத்தில் ரோக்கு பெட்டியால் உலகறிந்தவர். 2001இன் இறுதியில் வந்த ரீப்ளே டிவி 4000 வரிசையில் கணினி வலைப்பின்னலுக்கான இணைப்பு இருந்தது. கூடத்துப் பெட்டியில் பதிவானதைப் படுக்கையறைப் பெட்டியில் பார்க்கலாம். விளம்பரங்களைத் தானே தாண்டிவிடும் ஏற்பாடும் இருந்தது. அதோடு நின்றிருந்தால் ஒருவேளை தப்பியிருக்கும். பதிவு செய்த நிகழ்ச்சியை இணையத்தின் வழியே வேறு ஊரிலுள்ள மற்றொரு ரீப்ளே டிவி உரிமையாளருக்கு அனுப்பும் வசதியையும் அதில் சேர்த்தார்கள். பெட்டி கடைக்கு வருவதற்கு முன்பே, அக்டோபர் 31 அன்று ஸ்டூடியோக்களும் தொலைக்காட்சி நிறுவனங்களும் வழக்குத் தொடுத்துவிட்டன. டர்னர் ஒளிபரப்பு நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜேமி கெல்னர், விளம்பரத்தைத் தாண்டிச் செல்வது திருட்டு என்றே 2002இல் ஒரு பேட்டியில் சொன்னார். கழிப்பறைக்குப் போய்வருபவர்கள் விஷயத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் என்று அவரே சலுகையும் அளித்தார்!

அவ்வழக்கில் நடந்த மற்றொரு நிகழ்ச்சி இதைவிடக் கனமானது. பெட்டியின் உரிமையாளர்கள் என்னென்ன பதிகிறார்கள், எந்த விளம்பரத்தைத் தாண்டுகிறார்கள், எதை யாருக்கு அனுப்புகிறார்கள் என்ற விவரங்களைத் திரட்டித் தரும்படி, பெட்டியைத் தயாரித்த சோனிக்புளூ நிறுவனத்துக்கு நீதிமன்ற அலுவலர் ஒருவர் 2002 வசந்தத்தில் உத்தரவிட்டார். அந்த விவரங்களை அதுவரை நிறுவனம் திரட்டவே இல்லை. திரட்டுவதற்கென்று புதிதாக மென்பொருள் எழுதி ஒவ்வொரு வீட்டுப் பெட்டிக்கும் அனுப்ப வேண்டியிருந்தது. அந்தரங்க உரிமைக்காகப் பாடுபடுவோர் கொதித்தெழுந்தனர். சில வாரங்களில் மேல் நீதிபதி அந்த உத்தரவை நீக்கினார். நீக்கப்பட்டது நல்லது. ஆனால் பெட்டிக்குள் ஒரு கண் வைக்க முடியும் என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இரண்டாண்டு கழித்து அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியின் இடைவேளையில் அநாகரிகமான ஒரு காட்சி ஒளிபரப்பாகிப் பெரும் சர்ச்சை எழுந்தபோது, தம் பெட்டிகளில் மக்கள் மிகுதியாகத் திருப்பிப் பார்த்த நொடி அதுவே என்று டிவோ நிறுவனம் தானாகவே அறிவித்தது. பெயர்கள் இன்றித் திரட்டிய கணக்கு என்று சொல்லப்பட்டது. இருந்தாலும், இரவில் தன் வீட்டுக் கூடத்தில் ரிமோட்டை எத்தனை முறை அழுத்தினோம் என்பதை ஒரு நிறுவனம் எண்ணிக்கொண்டிருக்கிறது என்ற செய்தி பல வாடிக்கையாளர்களைத் திடுக்கிட வைத்தது. பிறர் குறைகளைத் துருவித் தேடாதீர்கள் என்று அல்ஹுஜுராத் அத்தியாயத்தில் தடுக்கப்பட்டிருப்பதை ஓதியறிந்த நமக்கு, இது தொழில்நுட்பச் செய்தியாக மட்டும் தோன்ற வாய்ப்பில்லை.

சோனிக்புளூ 2003 மார்ச்சில் திவாலானது. ரீப்ளே டிவியை வாங்கிய புதிய உரிமையாளர்கள் அடுத்த மாதிரியில் நிகழ்ச்சி அனுப்பும் வசதியையும் விளம்பரம் தாண்டும் வசதியையும் எடுத்துவிட்டனர். வழக்கு தீர்ப்பை எட்டவே இல்லை. ஆக, அறைக்கு அறை செல்லும் படம் பிழைத்தது. ஊருக்கு ஊர் செல்லும் படம் மாண்டது. வீட்டு வாசலை எல்லையாக வைத்து ஒரு பேசப்படாத ஒப்பந்தம் உருவாயிற்று என்று கொள்ளலாம்.

வாசலுக்கு உள்ளேயாவது எளிதாக இருந்ததா? கம்பி இழுக்காத வீடுகளில் இல்லை. அந்த ஆண்டுகளில் புழங்கிய முதல் தலைமுறை வைஃபை, நொடிக்கு 11 மெகாபிட் என்று பெட்டியின் மீது அச்சிட்டிருந்தாலும் நடைமுறையில் அதில் பாதியைத்தான் கொடுத்தது. அமெரிக்க டிஜிட்டல் ஒளிபரப்பின் ஒரு முழு அலைவரிசையோ நொடிக்கு 19 மெகாபிட்டுக்கு மேல் சுமக்கிறது. குறுகிய சந்தில் லாரியை ஓட்டுவது போன்றது இது. போதாததற்கு அந்த வைஃபை இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைப்பகுதியில்தான் மைக்ரோவேவ் அடுப்பும் இயங்குகிறது. அடுக்களையில் யாராவது நேற்றைய பிரியாணியைச் சூடாக்கினால் மாடியறையில் படம் உறைந்து நிற்கும். மின்னஞ்சல் அரை நிமிடம் தாமதித்தால் யாரும் கவனிக்கமாட்டார்கள். படமோ ஒவ்வொரு நொடியும் தன் பங்கைப் பெற்றாக வேண்டும். இதற்குக் கண்ட தீர்வு நம் வீட்டு மேல்நிலைத் தொட்டியைப் போன்றது. நகராட்சித் தண்ணீர் வரும், நிற்கும். தொட்டியில் முன்கூட்டியே நிரப்பி வைத்தால் குழாயில் சீராக விழும். பெறும் கருவி சில நொடிப் படத்தை முன்கூட்டியே வாங்கித் தேக்கி வைத்துக்கொண்டு அதிலிருந்து காட்டும். டிவோ 2003இல் அறைக்கு அறை பார்க்கும் வசதியைத் தந்தபோது இன்னும் எச்சரிக்கையாக இருந்தது. ஒரு பெட்டியிலிருந்து மற்றொரு பெட்டிக்கு நிகழ்ச்சியையே நகலெடுத்து அனுப்பியது. நகல் வந்துகொண்டிருக்கும்போதே பார்க்கத் தொடங்கலாம். வைஃபை மெதுவாக இருந்தால் பார்ப்பவர் நகலை எட்டிப் பிடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

இந்தச் சந்து அகலமானது மெல்லத்தான். 2003இல் நொடிக்கு 54 மெகாபிட் என்ற அடுத்த வகை வந்தது. அதே ஆண்டு, படத்தை முன்னிலும் ஏறத்தாழப் பாதி அளவாகச் சுருக்கும் எச்.264 முறை தரப்படுத்தப்பட்டது. 2009இல் பல ஆன்டெனாக்களால் ஒரே நேரத்தில் பேசும் வைஃபை தரம் நிலைபெற்றது. நெரிசல் குறைந்த 5 கிகாஹெர்ட்ஸ் அலைப்பகுதியும் பரவலான பயன்பாட்டுக்கு வந்தது. அதுவரை கேபிள் நிறுவனங்கள் காற்றை நம்பவில்லை. வீட்டில் ஏற்கெனவே பதித்திருந்த கோஆக்சியல் கேபிளின் வழியே படத்தை அறைக்கு அறை அனுப்பின. ஏடி அண்ட் டி நிறுவனம் 2011இல் கம்பியில்லாப் பெறுபெட்டியைச் சந்தாதாரர்களுக்குக் கொடுத்தபோதுதான், தொலைக்காட்சியை எந்தச் சுவரோரத்துக்கு வேண்டுமானாலும் நகர்த்தலாம் என்ற நிலை வந்தது. சாட்டிலைட் நிறுவனமான டிஷ், 2012இல் கங்காருவை நினைவூட்டும் ஹாப்பர் என்ற தாய்ப்பெட்டியையும், அதிலிருந்து படம் பெறும் ஜோயி என்ற குட்டிப்பெட்டிகளையும் கொண்டுவந்தது. 2014இல் ஜோயியும் கம்பியை அறுத்துக்கொண்டது. பிரிட்டனில் ஸ்கை நிறுவனம் 2016இல் வெளியிட்ட ஸ்கை க்யூ பெட்டிகளும் இதே வழியில் ஒன்றோடொன்று வைஃபையில் பேசிக்கொண்டன. இந்தியாவில் டாட்டா ஸ்கை பிளஸ் 2008லேயே பதிவுப் பெட்டியைக் கொண்டுவந்திருந்தது. பின்னர் பதிவான நிகழ்ச்சியை வைஃபை வழியே கைப்பேசிக்கு மாற்றும் பெட்டியும் இங்கே விற்பனைக்கு வந்தது.

தொழில்நுட்பத்தின் கதவு திறக்கத் திறக்க, சட்டத்தின் கதவைச் சாத்தி வைக்கும் வேலையும் நடந்தது. வீட்டுக்குள் படம் செல்லலாம், வெளியே செல்லக் கூடாது என்றால், தான் இருப்பது வீட்டுக்குள்ளா என்பதை ஒரு கருவி எப்படி அறியும்? அதற்குக் கண்ணில்லை, வாசலும் தெரியாது. இன்டெல், சோனி, ஹிட்டாச்சி, தோஷிபா, மத்சுஷிதா ஆகிய ஐந்து நிறுவனங்கள் சேர்ந்து வகுத்த பாதுகாப்பு முறை ஒரு விசித்திரமான விடையைத் தந்தது. பதிவுப் பெட்டி, படம் கேட்கும் கருவிக்கு ஒரு குரல் கொடுக்கும். பதில் குரல் ஏழு மில்லி செகண்டுக்குள், அதாவது ஒரு நொடியின் ஆயிரத்தில் ஏழு பங்குக்குள், திரும்பி வந்தால் அது வீட்டுக்குள் இருக்கிறது. தாமதித்தால் அயலார். வழியில் மூன்று தாவல்களுக்கு மேல் தாண்டவும் கூடாது. சுவரும் கூரையும் குடும்பமும் சேர்ந்த ஒன்றை ஏழு மில்லி செகண்டாக அளந்து முடித்தார்கள்! நெரிசலான வைஃபையில் பக்கத்து அறையிலிருந்து வரும் பதிலே அதைவிடத் தாமதிக்கக்கூடும் என்பதால், மீண்டும் மீண்டும் சோதித்துப் பார்க்க விதியில் இடம் வைத்திருந்தார்கள். சொந்த வீட்டுக் கதவைத் தட்டித் தட்டி நான்தான் என்று சொல்ல வேண்டிய நிலை.

அரசும் இதில் இறங்கியது. டிவோ தன் பதிவுகளை உரிமையாளரின் கணினிக்கு மாற்ற அனுமதிக்கும் திட்டத்தை 2004இல் முன்வைத்தபோது, அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையத்திடம் திரைப்படச் சங்கமும் தேசியக் கால்பந்துக் கழகமும் ஆட்சேபித்தன. கால்பந்துக் கழகத்துக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். அரங்கின் சீட்டுகள் விற்றுத் தீராவிட்டால் அந்த ஊரில் ஆட்டத்தை ஒளிபரப்பாமல் மறைத்துவிடுவது அன்று அவர்களது வழக்கம். வெளியூரிலிருந்து யாராவது பதிவை அனுப்பிவிட்டால் அந்தத் திரை கிழிந்துவிடும். ஆணையம் ஆகஸ்டு 4 அன்று டிவோவின் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. மறு ஆண்டு மே மாதத்தில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே சென்றது: ஒளிபரப்பு வீட்டை வந்தடைந்த பிறகு கருவி அதை என்ன செய்கிறது என்பதை ஒழுங்குபடுத்தும் அதிகாரமே ஆணையத்துக்கு இல்லை என்றது. நூலகங்களின் சங்கம் தொடுத்த வழக்கு அது. வாசலுக்கு உள்ளே அரசின் கை நீளக் கூடாது என்று இந்த வரலாற்றில் இவ்வளவு தெளிவாகச் சொன்ன தீர்ப்பு வேறொன்று நம் கண்ணில் படவில்லை.

அதே 2005 கோடையில், வீட்டின் எல்லையை ஊர் தாண்டி நீட்டும் ஒரு பெட்டியும் வந்தது. பேஸ்பால் பிரியர்களான பிளேக், ஜேசன் கிரிகோரியன் சகோதரர்கள், தாம் எங்கிருந்தாலும் தம் ஊர் அணியின் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆவலில் ஸ்லிங்பாக்ஸைச் செய்தனர். வீட்டுத் தொலைக்காட்சியில் ஓடுவதை, அவ்வீட்டுக்காரர் எங்கிருந்தாலும் அவருடைய கணினிக்கு இணையத்தின் வழியே அனுப்பும் பெட்டி அது. பெறுபவர் வேறு யாரும் இல்லை, வீட்டாரே. வீடு என்பது சுவரா, அதில் வாழும் மனிதரா என்ற கேள்வி இங்கே புதிதாக எழுந்தது. டிஷ் நிறுவனத்தின் தாய்க்கழகம் 2007இல் ஸ்லிங்கை 380 மில்லியன் டாலருக்கு வாங்கியது. 2013இல் அந்த வசதி ஹாப்பருக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. பாக்ஸ் தொலைக்காட்சி தொடுத்த வழக்கில், சந்தாதாரர் தன் பெட்டியில் உள்ளதைத் தானே வெளியூரிலிருந்து பார்ப்பது பொதுமக்களுக்குக் காட்டுவதாகாது என்று 2015இல் கலிபோர்னியா நீதிபதி ஒருவர் முடிவு செய்தார். வெளிநாட்டில் பணிபுரியும் குடும்பத் தலைவர்களைக் கொண்ட நம் சமுதாயம், மனிதரை வைத்தே வீட்டை அளந்து பழகியது. துபாயில் இருக்கும் வாப்பாவை எந்த உம்மாவும் வீட்டுக்கு வெளியே இருப்பவராகக் கணக்கிடுவதில்லை.

வழக்குகளை விட்டுவிட்டு வீட்டுக்குள் பார்த்தால், கம்பியில்லாப் படம் செய்த மாற்றத்தில் நமக்கு உவப்பும் உண்டு, உறுத்தலும் உண்டு. பிரெட் ரோஜர்ஸ் விரும்பியபடி நேரம் குடும்பத்தின் கைக்கு வந்தது. வக்து வந்ததும் நிறுத்திவிட்டு எழுவதற்குத் தடை இல்லை. பிள்ளைகள் என்ன பார்க்கலாம் என்பதை முன்கூட்டியே பார்த்துத் தேர்ந்து வைக்கவும் முடிந்தது. அதே வேளையில் ஒரே பெட்டியில் பதிவானவற்றை நாலு பேர் நாலு அறையில் பார்க்கும் பழக்கமும் வந்தது. ஒரே திரை இருந்த காலத்தில் பொருந்தாத காட்சி வந்தால் வாப்பாவின் ஒரு கனைப்பு போதும், அலைவரிசை மாறிவிடும். கைத்திரைக்கு அந்தக் கனைப்பு எட்டாது. பெட்டிகளில் பெற்றோருக்கான பூட்டு வைத்தார்கள். நான்கு இலக்க எண், அதையும் வீட்டில் முதலில் கண்டுபிடிப்பது பிள்ளைதான்.

பதிவுப் பெட்டி இப்போது வீட்டைவிட்டே போய்க்கொண்டிருக்கிறது. கேபிள்விஷன் என்ற நியூயார்க் நிறுவனம், பதிவை வீட்டில் வைக்காமல் தன் மையத்திலேயே ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனியாக வைத்துக் கொடுக்கலாமா என்று கேட்டபோது, 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இசைந்தது. 2014இல் ஏரியோ நிறுவனம் அதே வாதத்தைச் சிற்றுருவ ஆன்டெனாக்களோடு முன்வைத்து உச்ச நீதிமன்றத்தில் ஆறுக்கு மூன்று என்று தோற்றது. ஆனாலும் ஒளிபரப்பாளர்களின் இசைவோடு மேகப் பதிவு நிலைத்துவிட்டது. 2017இல் தொடங்கிய யூடியூப் டிவியில் எவ்வளவு வேண்டுமானாலும் பதியலாம். பதிந்தது ஒன்பது மாதத்தில் அழிந்துவிடும். கேசட்டை அலமாரியில் வைத்த யாருக்கும் இப்படி ஒரு தவணை விதிக்கப்பட்டதில்லை. மறுபுறம், மொட்டை மாடி ஆன்டெனாவிலிருந்து இலவச ஒளிபரப்பை வாங்கிப் பதிந்து வைஃபையில் வீடெங்கும் வழங்கும் டேப்லோ, எச்டி ஹோம்ரன் போன்ற சிறு பெட்டிகளும் அமெரிக்காவில் விற்கத்தான் செய்கின்றன. மாதச் சந்தாவில் சலித்தவர்கள் அவற்றை நாடுகிறார்கள்.

ஸ்லிங்பாக்ஸ் 2022 நவம்பர் 9 வரை இயங்கியது. அன்று நிறுவனம் தன் சர்வர்களை நிறுத்தியது. பெட்டியும் வைஃபையும் தொலைக்காட்சியும் வீட்டில் பழுதின்றி இருந்தும், உரிமையாளரை அடையாளம் காணும் வேலை நிறுவனத்தின் சர்வரில் இருந்ததால் அவை ஒன்றோடொன்று பேச மறுத்தன. அந்த நாளுக்கு முன்பே ஆர்வலர் ஒருவர் சர்வரின் துணையின்றி அப்பெட்டியை இயக்கும் மென்பொருளை எழுதி இலவசமாகக் கொடுத்துவிட்டார். அதை நிறுவிக்கொண்ட வீடுகளில் ஸ்லிங்பாக்ஸ் அதற்குப் பிறகும் ஓடியது.